கண்ணாடியும் கத்தரிக்கோலும்: விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படம் குறித்து

கலை சமுதாயத்தின் கண்ணாடி என்னும் கூற்று எத்தனையோ மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் எடுத்தாளப்பட்டுத் தேய்ந்துபோன ஒன்றாகும். தேய்ந்துபோனதாயினும் அது பொய்யன்று. ஆயின், அதனை எடுத்தாள்வோர் கண்ணாடியின் தெளிவைப் பற்றிப் பேசுமளவிற்கு அதன் விளிம்பைப் பற்றிப் பேசுவதில்லை. எந்தக் கண்ணாடிக்கும் விளிம்பு உண்டு; அவ்விளிம்பை வெட்டிய கை ஒன்றும் உண்டு. வேறு கலைகளைப் பொறுத்தவரை இஃது ஓர் உவமையாக நின்றுவிடலாம். திரைப்படத்தைப் பொறுத்தவரை இது சொல்லுக்குச் சொல் உண்மை. படச்சுருள் கத்தரிக்கப்படுகின்றது, ஒட்டப்படுகின்றது, கடல் கடக்கும்போது மீண்டும் கத்தரிக்கப்படுகின்றது.

விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படங்களில் இந்நிலை மிகத் தெளிவாகத் தென்படுகின்றது. சமகால வாழ்வை நேரடியாகச் சித்திரிக்கும் படமொன்று அதிகாரத்தைச் சாடுமாயின் உடனே இனங்காணப்பட்டுவிடும். வேற்றுக் கோளிலிருந்து வந்தவனோ, ஆழ்கடலில் உறங்கிய விலங்கோ அதே கருத்தைச் சுமந்து வந்தால், நடவாத கதைதானே என்ற அலட்சியத்தில் அது தப்பிவிடும். இவ்வகைப் படங்களை எடுத்தோர் இச்சலுகையை நன்கு பயன்படுத்தினர். ஆனால், அதே அலட்சியம் மறுபுறத்திலும் வேலை செய்தது. பூதப் படந்தானே என்று கருதிய விநியோகத்தர்கள் அதிற் பத்து நிமிடத்தை வெட்டியெறியவோ, வேறொருவரை நடிக்கவைத்துப் புதிய காட்சிகளை ஒட்டவோ சற்றும் தயங்கியதில்லை. ஆதலால், ஒரு சமுதாயம் எதனை அஞ்சியது, எதனை நம்பியது என்பதை இப்படங்களிற் காண விழைவோர், திரையில் எஞ்சியிருப்பதனோடு திரையினின்று நீக்கப்பட்டதனையும் பின்னர் சேர்க்கப்பட்டதனையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

1927 ஜனவரி 10ஆம் திகதி பேர்லினில் முதன்முதலாகக் காட்டப்பட்ட பிரிட்ஸ் லாங்கின் 'மெற்றோபொலிஸ்' ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படம். நிலத்தின் கீழே இயந்திரங்களோடு இயந்திரமாய்த் தேயும் தொழிலாளர், மேலே வானளாவிய மாளிகைகளில் இன்பந்துய்க்கும் ஆளும் வர்க்கம் என்று இரண்டாகப் பிளந்த நகரம் ஒன்றை அது காட்டியது. கைக்கும் மூளைக்கும் நடுவே இதயம் நின்று இணக்கங் காணவேண்டும் என்பதே அது சொன்ன தீர்வு. அத்தீர்வில் தமக்கு நம்பிக்கையில்லை என்று லாங் பிற்காலத்திற் கூறியதுண்டு. இப்படத்தை அமெரிக்கத் திரையரங்குகளுக்காகச் சுருக்கும் பணி சானிங் பொலொக் என்னும் நாடகாசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. கதையில் வரும் விஞ்ஞானி தான் காதலித்து, வேறொருவனை மணந்து, பிள்ளைப்பேற்றில் இறந்துபோன ஹெல் என்னும் பெண்ணை மீட்கும் வேட்கையினாலேயே இயந்திரப் பெண்ணைப் படைக்கின்றான். அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் நெருங்கியது என்ற காரணத்தால், ஹெல் பற்றிய பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. சொல்லொன்றின் ஓசைக்கு அஞ்சி ஒரு கதாபாத்திரத்தின் நெஞ்சத்தையே அகற்றிய விந்தை இது. ஜேர்மனியிலும் அதே ஆண்டிலேயே படம் குறுக்கப்பட்டுவிட்டது. 2008இல் ஆர்ஜென்ரீனத் தலைநகர் புவனஸ் அயர்சின் திரைப்பட அருங்காட்சியகத்தில் நீளமான பிரதியொன்று கிடைத்து, 2010இல் ஏறத்தாழ முழுமையான வடிவம் காட்டப்படும் வரை, 'மெற்றோபொலிஸ்' பற்றி எழுதிய விமர்சகர்கள் பல தலைமுறையாகக் குறைப்படத்தைப் பற்றியே எழுதிவந்தனர். அக்குறைப்படத்தைக் கொண்டு ஜேர்மானிய மனத்தை அளந்து கூறிய நூல்களும் உள.

நம்பிக்கையைப் பொறுத்தவரை, இரு வேறு நாடுகளின் கத்தரிக்கோல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1951இல் வெளிவந்த றொபேட் வைஸின் 'பூமி அசையாது நின்ற நாள்' என்னும் அமெரிக்கப் படத்தில், கிளாத்து என்ற வேற்றுலகத் தூதன் வொஷிங்டன் நகரில் வந்திறங்குகின்றான். அணுவாயுதத்தைக் கைவிடாவிடில் பூமிக்கு அழிவு நேரும் என்று எச்சரிப்பதே அவன் வந்த நோக்கம். மனிதரிடையே அவன் மறைந்து வாழும்போது பூணும் பெயர் 'தச்சன்' என்று பொருள்படும் ஆங்கிலக் குடும்பப் பெயர். அவன் சுடப்பட்டு இறக்கின்றான், பின் உயிர்த்தெழுகின்றான், அறிவுரை கூறி வானுக்கு மீள்கின்றான். கிறிஸ்துவின் வரலாற்றைத் தாம் வேண்டுமென்றே உள்ளே பொதிந்து வைத்ததாகத் திரைக்கதை எழுதிய எட்மண்ட் நோர்த் பின்னர் கூறினார். ஆனால், இயந்திரத்தின் துணையால் இறந்தவன் எழுவதா என்று ஹொலிவூட்டின் ஒழுக்கக் கோவை அலுவலகம் ஆட்சேபித்தது. விளைவாக, உயிர் கொடுக்கும் உரிமை எல்லாம் வல்ல ஆவிக்கே உரியது என்று கிளாத்து விளக்கும் வாக்கியமொன்று சேர்க்கப்பட்டது. விண்வெளிகளைக் கடந்து வந்த நாகரிகத்தின் பிரதிநிதி, அக்கால அமெரிக்கத் தேவாலயம் ஒன்றின் மனம் நோகாதவாறு பேசவேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது மொஸ்கோவில். ஸ்ரனிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட நாவலைத் தழுவி அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி எடுத்த 'சொலாரிஸ்' 1972இல் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர் சோவியத் திரைப்பட அதிகாரிகள் நெறியாளரிடம் திருத்தப் பட்டியல் ஒன்றை நீட்டினர். அதனைத் தார்க்கோவ்ஸ்கி தமது நாட்குறிப்பிற் பதிந்து வைத்திருக்கின்றார். கடவுள் என்ற கருத்து நீக்கப்படவேண்டும் என்பது அப்பட்டியலில் ஒன்று. அங்கே கடவுளைச் சேர்க்கவும் இங்கே கடவுளை அகற்றவும் அலுவலர்கள் ஆணையிட்டனர். விளைவுதான் சுவையானது. தார்க்கோவ்ஸ்கி பெரும்பாலான திருத்தங்களைச் செய்யவில்லை. படம் அதிக மாற்றமின்றியே வெளிவந்தது. அதன் இறுதியில், மகன் வாயிற்படியில் முழந்தாளிட்டுத் தந்தையைப் பற்றிக்கொள்ளும் நிலை, கெட்ட குமாரன் வீடு திரும்பிய விவிலியக் கதையை றெம்பிரான்ட் தீட்டிய ஓவியத்தின் சாயலில் அமைந்தது. அங்கே கடவுளைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் உரைப்பதில்லை. சொல்லில் ஏற்றப்பட்ட கடவுள் கிளாத்துவின் வாயில் ஒட்டுப்போட்டதுபோல் நிற்க, அகற்றச் சொன்ன கடவுள் இங்கே ஒரு மனிதனின் குனிந்த முதுகில் அமர்ந்துகொண்டார் என்றே கூறத் தோன்றுகின்றது.

அரசியல் அச்சங்களைப் பொறுத்தவரையும் இதே கதைதான். டொன் சீகலின் 'உடல் பறிப்போரின் படையெடுப்பு' 1956இல் வெளிவந்தது. சிறு நகரொன்றின் மக்கள் உறங்கும்போது, விதையுறைகளிலிருந்து தோன்றும் போலிகள் அவர்தம் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உருவம் அதுவே, உணர்ச்சி மட்டும் இல்லை. இது பொதுவுடைமைக்கு எதிரான படம் என்றார் ஒரு சாரார். மக்கார்த்தியின் வேட்டைக்கு அஞ்சி எல்லோரும் ஒரே குரலிற் பேசத் தொடங்கிய அமெரிக்காவையே அது காட்டியது என்றார் மறுசாரார். இவ்விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால், நெறியாளர் கருதிய முடிவு எது என்பதில் ஐயமில்லை. கதாநாயகன் நெடுஞ்சாலையில் விரையும் வாகனங்களுக்கு நடுவே நின்று, அடுத்தது நீங்கள்தாம் என்று கதறுவதோடு படம் முடிந்திருக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தார் அதனை ஏற்கவில்லை. முன்னும் பின்னும் மருத்துவமனைக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. இறுதியில் வைத்தியர் ஒருவர் கதாநாயகனை நம்புகின்றார். கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்துக்குத் தொலைபேசி அழைப்புப் பறக்கின்றது. யாரையும் நம்பமுடியாத உலகத்தைச் சித்திரித்த படம், அரசை மட்டும் நம்பலாம் என்று முடிக்கப்பட்டது.

மறுபுறத்து எல்லைக் காவலும் குறைந்ததன்று. 1959இல் கியேவில் தயாரான 'வானம் அழைக்கின்றது' என்னும் சோவியத் படத்தில், செவ்வாய்க் கோளுக்கு முந்திச் செல்ல அவசரப்படும் அமெரிக்கர் ஆபத்தில் அகப்படுகின்றனர். தம் பயணத்தைக் கைவிட்டு அவர்களைச் சோவியத் வீரர்கள் காப்பாற்றுகின்றனர். பிரசாரம் வெளிப்படை. இப்படத்தை வாங்கிய அமெரிக்கத் தயாரிப்பாளர் றொஜர் கோர்மன், அக்காலத்தில் இளம் மாணவராயிருந்த பிரான்சிஸ் போட் கொப்போலாவைக் கொண்டு அதனை மாற்றியமைத்தார். நாடுகளின் பெயர்கள் நீங்கின. வட கோளத்தாரும் தென் கோளத்தாரும் தோன்றினர். மூலத்தில் இல்லாத பூதங்கள் இரண்டு சண்டையிட்டன. பிரசாரம் போய்ப் பூதம் வந்ததில் இழப்பு எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று கணக்கிடுவது கடினம்.

ஆனால், இவ்வரலாற்றில் எல்லாவற்றினும் கனதியானது யப்பானிய 'கொட்ஸில்லா'வின் வரலாறே. கேலிக்குரிய பொம்மைப் பூதமாக உலகெங்கும் அறியப்பட்ட அப்பெயருக்குப் பின்னால் மனிதச் சாவு ஒன்று இருக்கின்றது.

1954 மார்ச் 1ஆம் திகதி பசிபிக் சமுத்திரத்தின் பிக்கினிப் பவளத்தீவில் ஐக்கிய அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. அதன் வலு 15 மெகாதொன். விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அறிவிக்கப்பட்ட ஆபத்து வலயத்துக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் இலக்க அதிர்ஷ்ட நாகம்' என்னும் பொருளுடைய யப்பானியப் படகின் மீது வெண்சாம்பல் மழையாய்ப் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் கதிர்த்தொழிற்பாட்டு நோய்க்கு உள்ளாயினர். படகின் வானொலி இயக்குநர் செப்டெம்பர் 23ஆம் திகதி உயிர் துறந்தார். கதிர் படிந்த மீன் என்ற பீதி சந்தைகளைக் கவ்வியது. ரோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் இல்லத்தரசிகள் தொடக்கிய கையொப்ப இயக்கம் அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. 'கொட்ஸில்லா' திரைக்கு வந்தது அதே 1954 நவம்பர் 3ஆம் திகதி. அம்மனிதர் இறந்து ஆறு வாரங்கூட ஆகவில்லை.

படத்தின் முதற்காட்சியில் அமைதியான கடலில் ஒரு கப்பல், மாலுமிகள் இளைப்பாறிக்கொண்டிருக்கின்றனர், திடீரெனக் கண்ணைப் பறிக்கும் ஒளி, கப்பல் தீப்பற்றி மூழ்குகின்றது. யப்பானியப் பார்வையாளருக்கு இதற்கு உரை தேவைப்பட்டிருக்காது. நெறியாளர் இஷிரோ ஹொண்டா பூதக்கதைப் பிரியராக இதனை எடுக்கவில்லை. சீனப் போர்முனையிற் பல ஆண்டுகள் சேவையாற்றி, 1946இல் நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் சாம்பலைக் கண்டவர் அவர். அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில் முடியும் வரை அணுக்குண்டின் விளைவுகளைப் பற்றி யப்பானிற் சுதந்திரமாகப் பேச இயலாதிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அடக்கிவைக்கப்பட்ட பேச்சு, விலங்கொன்றின் உறுமலாக வெளிவந்தது எனலாம்.

அவ்விலங்கும் வெறும் விஞ்ஞான விந்தையன்று. ஓடோத் தீவின் முதியவர் ஒருவருக்கு அதன் பெயர் முன்னமே தெரியும். மீன்பாடு குறைந்த காலங்களில் கன்னியரைக் கடலுக்குப் பலியிட்டு அதன் பசி தணித்த பழங்கதையை அவர் கூறுகின்றார். இளையோர் நகைக்கின்றனர். பிறகு தலைநகரிலிருந்து பேராசிரியர் யமானே வருகின்றார். ஐதரசன் குண்டுச் சோதனை கடலடியிலிருந்து கிளப்பிவிட்ட தொல்லுயிர் அது என்று ஆய்வறிக்கை வாசிக்கின்றார். முதியவரின் நம்பிக்கையும் பேராசிரியரின் விளக்கமும் ஒரே பெயரில் வந்து முடிகின்றன. பழைய தெய்வத்துக்குப் பலியாகக் கன்னியர் சிலர் போதியவராயினர். புதிய தெய்வம் ஒரு நகரத்தையே கேட்கின்றது. இக்கருத்தைப் படம் எங்கும் எடுத்துரைப்பதில்லை. நகர் எரியும்போது, தன் குழந்தைகளை அணைத்தபடி, இன்னுஞ் சிறிது நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று கூறும் தாய் ஒருத்தியின் முகத்தில் அதனைக் காட்டுகின்றது. அத்தந்தை எங்கே, எப்போது இறந்தான் என்று கேட்கவேண்டிய தேவை 1954இன் பார்வையாளருக்கு இருந்திருக்காது.

இவற்றினும் நுண்ணிய காட்சிகள் இரண்டு. ஒன்று, பாராளுமன்றக் குழுவில் நிகழும் வாக்குவாதம். பூதத்தின் தோற்றத்துக்குக் குண்டுச் சோதனையே காரணம் என்பதை வெளியிட்டால் வெளிநாட்டுறவு கெடும் என்று ஆளுந்தரப்பினர் ஒருவர் வாதிட, உண்மையை உடனே வெளியிடுக என்று பெண் உறுப்பினர்கள் எழுந்து குரல் கொடுக்கின்றனர். மற்றையது, புகைவண்டிப் பயணிகள் மூவரின் சில நொடிப் பேச்சு. நாகசாகியில் அரும்பாடுபட்டு உயிர் தப்பிய தனக்கு இப்பொழுது இதுவுமா என்று இளம்பெண் ஒருத்தி சலித்துக்கொள்கின்றாள். மீண்டும் ஊரைவிட்டு ஓடவேண்டியதுதானா என்று ஆடவர் ஒருவர் அலுத்துக்கொள்கின்றார். பேரழிவைக் கண்டு மீண்டவர்களின் அலுப்பு இவ்வளவு சாதாரணமாக வேறெந்தப் பூதப்படத்திலும் பதிவாகவில்லை.

1956இல் 'கொட்ஸில்லா, பூதங்களின் அரசன்' என்ற பெயரில் அமெரிக்காவிற் காட்டப்பட்ட வடிவத்தில் இவ்விரண்டு காட்சிகளும் இல்லை. 96 நிமிடப் படம் 80 நிமிடமாயிற்று. அந்த 80 நிமிடத்துள்ளும் புதிதாய்ச் சேர்ந்தவை பல. ஸ்ரீவ் மாட்டின் என்னும் அமெரிக்க நிருபராக றேமண்ட் பேர் நடித்த காட்சிகள் அமெரிக்காவிற் படமாக்கப்பட்டு, யப்பானிய நடிகர்களின் முதுகுப்புறம் போன்ற தோற்றமுடையோரை முன்னிறுத்தி ஒட்டப்பட்டன. ரோக்கியோவின் துயரம் இப்பொழுது ரோக்கியோவாசிகளின் துயரமன்று. அதனைச் சாளரத்தினூடே பார்த்து வருணிக்கும் வேற்றுநாட்டவர் ஒருவரின் அனுபவம். நியாயமாகச் சொன்னால், ஐதரசன் குண்டு என்ற சொல் முற்றாக நீக்கப்படவில்லை. யமானேயின் அறிக்கையில் அது எஞ்சியுள்ளது. நீங்கியது அக்குண்டைப் பற்றிய வாக்குவாதம், நாகசாகி என்ற பெயர், இறுதி வசனம் ஆகியவையே. மூலத்தில் பூதம் மடிந்தபின் யமானே மகிழ்வதில்லை. சோதனைகள் தொடருமாயின் உலகின் எங்கேனும் இன்னொரு கொட்ஸில்லா தோன்றக்கூடும் என்று அவர் தமக்குள் முணுமுணுக்கின்றார். அமெரிக்க வடிவத்தில் அம்முணுமுணுப்பு இல்லை. ஆபத்து நீங்கிற்று, உலகம் மீண்டும் வாழலாம் என்று நிருபரின் குரல் ஆறுதல் சொல்லி முடிக்கின்றது. வினாவாக இருந்தது விடையாக்கப்பட்டது. எச்சரிக்கையாக இருந்தது செய்தியாக்கப்பட்டது. உலகின் பெரும்பகுதி பல்லாண்டுகளாகக் கண்டது இவ்வடிவத்தையே. விந்தை யாதெனில், 1957இல் இவ்வடிவம் யப்பானுக்கே திரும்பிவந்து அங்கும் காட்டப்பட்டது.

எல்லாம் வெட்டப்பட்டுவிடவில்லை என்பதும் கூறத்தக்கது. பூதத்தை அழிக்கவல்ல ஒட்சிசன் அழிப்பானைக் கண்டுபிடித்த இளம் விஞ்ஞானி செரிசாவா, போரில் ஒரு கண்ணை இழந்தவர். தம் கண்டுபிடிப்பு அரசியலாளர் கையில் ஆயுதமாகும் என்று அஞ்சி அதனை மறைத்து வைத்திருக்கின்றார். சிறுமியர் பாடும் அமைதிப் பிரார்த்தனையைத் தொலைக்காட்சியிற் கேட்டு மனம் மாறி, குறிப்புகளையெல்லாம் எரித்துவிட்டுக் கடலடியில் அக்கருவியோடு தாமும் மாய்கின்றார். மூளையில் உள்ள சூத்திரத்தையும் எரிக்கவேண்டுமே என்பது அவரது தருக்கம். அணுக்குண்டைச் செய்த விஞ்ஞானிகளுள் எவரும் எடுக்காத முடிவு அது. இப்பகுதி இரு வடிவங்களிலும் உண்டு. தனிமனிதனின் தியாகம் எந்த நாட்டின் சந்தைக்கும் ஏற்றது. அதற்குச் சுங்கத் தடை கிடையாது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அமெரிக்கக் கத்தரிக்கோல் வெட்டியதைக் கணக்கிடுவது எளிது. மூலத்தில் என்றுமே படமாக்கப்படாததைக் கணக்கிடுவது அரிது. 1954இன் 'கொட்ஸில்லா'வில் யப்பான் குண்டு வாங்கிய நாடாக மட்டுமே தோன்றுகின்றது. சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் அது செய்தவை, நெறியாளரே நேரிற் கண்ட போர்முனை, இவற்றின் நிழல்கூடத் திரையில் விழுவதில்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பின் மீதும் 9ஆம் திகதி திருகோணமலையின் மீதும் குண்டு பொழிந்த விமானங்கள் எந்நாட்டினுடையவை என்பதை இலங்கை வாசகர் மறந்திருக்க முடியாது. படத்தில் வானிலிருந்து வரும் அழிவுக்கு அஞ்சும் மக்கள், வானிலிருந்து அழிவை அனுப்பிய அரசின் குடிகளுமாவர். 2023இல் வெளிவந்த 'கொட்ஸில்லா மைனஸ் வன்' போர்க்கால அரசை முன்னையதிலும் துணிவாகச் சாடுகின்றது. தற்கொலைப் படையிலிருந்து பின்வாங்கிய விமானியைக் கதாநாயகனாக்கி, தன் மக்களின் உயிரை மலிவாய் மதித்த அரசென்று அதனைக் குற்றஞ்சாட்டுகின்றது. ஆயினும், தன் மக்கள் என்ற எல்லையைத் தாண்டிப் பிற நாட்டு மக்களின் உயிரைப் பற்றி அது பேசவில்லை. நாகசாகிப் பெண்ணின் வசனத்தை நீக்கியவர்களுக்கு நாகசாகியைப் பார்க்க விருப்பமில்லை. அவ்வசனத்தை எழுதியவர்களுக்கு நான்கிங்கைப் பார்க்க இயலவில்லை. இரண்டும் ஒரே தரத்தன அல்ல. வெட்டியெறிந்த சுருளைத் தேடிக் கண்டெடுக்கலாம். எடுக்கப்படாத சுருளுக்குக் காப்பகம் இல்லை.

மூல வடிவமான 'கொட்ஸில்லா' அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாகக் காட்டப்பட்டது 2004இல், படம் பிறந்து ஐம்பதாம் ஆண்டில். புகைவண்டிப் பெண் தன் சில நொடிப் பேச்சைப் பேசி முடிக்க அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படத்துக்கு வித்திட்ட படகின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. நிகழ்ச்சிக்குப் பின் பெயர் மாற்றப்பட்டு, மீன்பிடிக் கல்லூரியின் பயிற்சிக் கலமாகச் சில காலம் ஓடி, 1967இற் பாவனையிலிருந்து நீக்கப்பட்டு, ரோக்கியோ விரிகுடாவில் குப்பை கொட்டி நிரப்பிய யுமெனோஷிமாவின் கரையில் அது கைவிடப்பட்டது. அதனைக் குப்பையிலிருந்து மீட்கவேண்டும் என்று குடிமக்கள் இயக்கம் நடத்தினர். 1976இல் அவ்விடத்திலேயே கண்காட்சி மண்டபம் திறக்கப்பட்டது. இயந்திரம் மட்டும் முன்னரே கழற்றி விற்கப்பட்டு, வேறொரு கலத்திற் பொருத்தப்பட்டு, அக்கலத்தோடு கடலில் மூழ்கியிருந்தது. 1996இல் அதுவும் கடலிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று படகு மண்டபத்தினுள்ளும், துருவேறிய இயந்திரம் மண்டபத்துக்கு வெளியேயும் வைக்கப்பட்டுள்ளன.